தண்ணீர் குடிக்கிற ஆராய்ச்சி

எங்கள் கல்லூரியில் அதுவரை ஆராய்ச்சிக்கென்று வெளியிலிருந்து ஒரு ரூபாய் வந்ததில்லை. வரும் என்று யாரும் காத்திருந்ததுமில்லை. பனியன் கம்பெனி முதலாளி வீட்டுப் பெண்ணும் அதே கம்பெனியில் தைக்கிறவரின் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்து, பட்டம் வாங்கிக்கொண்டு போகிற திருப்பூர்ப் பெண்கள் கல்லூரி அது. பாடம் நடத்துவோம், விடைத்தாள் திருத்துவோம், ஆண்டு விழாவுக்கு மேடை அலங்காரம் செய்வோம். நான் மனையியல் துறையில் இருந்ததால் அலங்காரம் முழுக்க என் தலையில் விழும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் என் டிபன் பாக்ஸ் காணாமல் போய்விட்டது. அதைப் பற்றி நான் எழுதி ஒட்டிய சீட்டுக்கு யாராவது பதில் எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க நோட்டீஸ் போர்டுக்குப் போனேன். பதில் இல்லை. என் சீட்டைப் பாதி மறைத்தபடி புதிதாக ஒரு சுற்றறிக்கை குத்தியிருந்தது. மக்களின் உடல்நலம், வாழ்க்கை நிலை பற்றி ஆராய விரும்பும் கல்லூரி ஆசிரியர்கள் விண்ணப்பிக்கலாம், தேர்வாகிறவர்களுக்கு நிதி உதவி உண்டு என்று டெல்லியில் உள்ள ஓர் அமைப்பு அனுப்பியிருந்தது. என் சீட்டை மறைத்த கோபத்தில் அதைப் பிடுங்கினேன். பிடுங்கியதைப் படித்தேன். படித்ததை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதனால் எங்கள் கல்லூரியில் வேறு யாருக்கும் அந்தச் செய்தி தெரியாமல் போனது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

முதல் விண்ணப்பத்தின் தலைப்பை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. பின்னலாடைத் தொழிலில் உள்ள பெண்களுக்குச் சத்துணவு பற்றி எவ்வளவு தெரியும் என்று அளந்து, தெரியாததைச் சொல்லிக்கொடுப்பது. பல்கலைக்கழக நூலகத்தில் அதே மாதிரி இருபது ஆய்வேடுகள் இருக்கும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து டைப் செய்து, கேட்டபடி பதினான்கு பிரதிகள் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, கூரியரில் அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. இல்லை என்று ஒரு வரி. கூடவே, விண்ணப்பத்தை மதிப்பிட்டவர் எழுதிய குறிப்பு ஒரு பக்கம். அதில் கடைசி வாக்கியம் மட்டும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ‘இந்தப் பெண்கள் எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்கள் என்று யாராவது அவர்களைக் கேட்டீர்களா?’

இரண்டு நாள் கோபம் இருந்தது. மூன்றாம் நாள், கேட்டால் என்ன என்று தோன்றியது.

கேட்பதற்கு நான் எங்கேயும் போக வேண்டியதில்லை. நாங்கள் குடியிருந்தது வேலம்பாளையத்தில். எங்கள் வீட்டு மதிலை ஒட்டி வரிசையாகப் பத்து அறைகள், எல்லாவற்றிலும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். முதல் அறையில் இருந்த அக்கா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஒரு கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் வேலை. தைத்து வருகிற பனியனில் ஓட்டை, கறை, நூல் பிசகு எதுவும் இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்துப் போடுகிற வேலை. அவர் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. என் புடவையில் ஒரு நூல் பிரிந்திருந்தாலும் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்தே சொல்லிவிடுவார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அக்கா சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, குழாயடியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.

“ஏனுங்க்கா, உடம்பு சம்பந்தமா உங்களுக்கெல்லாம் என்ன தெரிஞ்சுக்கோணும்னு இருக்குதுங்க?” என்று கேட்டேன்.

“என்னத்தத் தெரியணும்? கீரை திங்கணும், முட்டை திங்கணும், பாலு குடிக்கணும். டிவியில தெனமும் சொல்லுதாவள்ளா? எல்லாந் தெரியும் டீச்சர்.”

ஐந்து மாதம் பதிலுக்குக் காத்திருந்த என் ஆராய்ச்சி அந்த ஒரே பதிலில் முடிந்துபோனது.

“தெரியாதது ஒண்ணுகூட இல்லீங்களா?”

அக்கா நெத்திலியைக் கீழே வைத்தார். சுற்றிலும் பார்த்தார். “ஒண்ணு கேக்கணும். கேட்டா சிரிப்பிய.”

“சிரிக்க மாட்டனுங்க.”

“காலையில எட்டரைக்குள்ள போயிருதோம். ஒன்றரை ஷிப்டு பாத்துட்டு வர ராத்திரி ஆயிருது. நடுவுல நாங்க ஒரு வாய் தண்ணி குடிக்கது கிடையாது டீச்சர். குடிச்சா போவணும்லா? போனா அங்கன வரிசையில நிக்கணும், சூப்பரவைசர் வாட்சைப் பாப்பாரு. அதுக்கு, குடிக்காமலே இருந்துரலாம். இப்பிடி வருசக்கணக்கா குடிக்காம இருந்தா உள்ள என்ன ஆவும்? நீர்க்கடுப்பு வருது, வெந்தயத்த ஊறப்போட்டுக் குடிச்சிட்டுப் போயிருதோம். ஆனா உள்ள என்ன ஆவுதுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. டாக்டர்ட்ட கேக்க வெக்கமா இருக்கு.”

நான் சிரிக்கவில்லை. கல்லூரிக்குக் கொண்டுபோகிற தண்ணீரை மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து துளசிக்கு ஊற்றுகிறவள் நான். எங்கள் கல்லூரிக் கழிப்பறையைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

இரண்டாவது விண்ணப்பம் பத்து நாளில் முடிந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை, அதனால் என்ன ஆகிறது, என்ன செய்தால் குடிப்பார்கள். அவ்வளவுதான். ஆனால் இந்த முறை படிவத்தில் இரண்டு புதிய கட்டங்கள் இருந்தன. ஆய்வில் பங்கெடுக்கும் மக்கள் அமைப்பின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். ஆய்வு நடக்கிற கம்பெனியின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

மக்கள் அமைப்பு என்றால் அக்காவின் மகளிர் சுயஉதவிக் குழு. அடுத்த ஞாயிறு அக்காவின் அறையில் பதினைந்து பெண்கள் கூடினார்கள். நான் படிவத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல, வெட்கமும் சிரிப்புமாகக் கேட்டார்கள். ‘இதுக்கெல்லாமா டெல்லியில படிவம் இருக்கு’ என்று ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் அக்கா டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய ரப்பர் ஸ்டாம்பை எடுத்தார். ஊதி, மையில் அழுத்தி, காகிதத்தில் ஓங்கி ஒரு குத்து. நான் படித்துப் பார்த்தேன். ‘குழு’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘குழி’ என்று இருந்தது. மகளிர் சுயஉதவிக் குழி.

“அக்கா, இது எத்தன நாளா இப்படி இருக்குதுங்க?”

“எது?”

காட்டினேன். பனியனில் ஊசி ஓட்டையைக் கண்டுபிடிக்கிற பதினைந்து பேரும் அந்த ஸ்டாம்பைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். அப்புறம் வெடித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு வருடமாக வங்கியில், பஞ்சாயத்தில், கலெக்டர் ஆபீசில் எல்லாம் அந்தக் குழியைத்தான் குத்திக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவரும் கவனித்ததில்லை.

“டெல்லிக்காரனுக்குத் தமிழ் தெரியவா போவுது? அனுப்புங்க டீச்சர்,” என்றார் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கம்பெனிக் கடிதத்துக்குத்தான் எனக்குப் பயம். அக்கா வேலை பார்க்கிற கம்பெனியின் முதலாளி என் பிறந்த ஊரான ஊத்துக்குளிப் பக்கத்துக்காரர். தோட்டத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு நாலு மெஷினோடு திருப்பூர் வந்து, இப்போது மூன்று மாடிக் கட்டிடம் கட்டியிருந்தார். கோபக்காரர் இல்லை. ஆனாலும் இதைக் கேட்கப் போய், அக்காவின் வேலைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாதே என்று தயங்கினேன். அக்காவிடம் சொன்னேன்.

“என்னய நிப்பாட்டுவாரா? ரோட்டுக்கு அந்தப் பக்கம் நாலு கம்பெனி வாசல்ல ‘செக்கிங் ஆள் தேவை’ன்னு போர்டு தொங்குது. நீங்க போங்க டீச்சர்.”

போனேன். ஏசி அறை, சுவரெல்லாம் மாதிரி டி-சர்ட்டுகள். முதலாளி படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். நான் சுற்றிவளைத்துச் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, ஒரே கேள்வி கேட்டார்.

“ஏனுங்க டீச்சர், நம்ம புள்ளைக தண்ணி குடிக்கறதுக்கு டெல்லிக்காரன் எதுக்குங்க பணம் தர்றான்?”

“ஏன் குடிக்கறதில்லைன்னு கண்டுபுடிக்கறதுக்குங்கண்ணா.”

“அதென்னுங்க கண்டுபுடிக்கறது? தாகம் எடுத்தாக் குடிக்கறாங்க.” சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது, பெண்களுக்கு எத்தனை கழிப்பறைகள் என்று. “ரெண்டோ மூணோ இருக்குதுங்க,” என்றவர், சந்தேகம் வந்து இன்டர்காமில் மேனேஜரைக் கேட்டார். மேனேஜருக்கும் தெரியவில்லை. “சித்த இருங்க, பாத்துட்டு வந்தர்றேன்” என்று எழுந்து போனார்.

போனவர் இருபது நிமிடம் வரவில்லை. வந்ததும் முகத்தைக் கழுவினார், துண்டால் துடைத்தார், எனக்கு ஒரு டீ சொன்னார்.

“ஒண்ணுதானுங்க இருக்குது,” என்றார் மெதுவாக. “இன்னொண்ணுல அட்டைப்பெட்டி அடுக்கி வெச்சிருக்கறானுங்க. கட்டடம் கட்டுனப்போ பாத்ததுங்க டீச்சர். அதுக்கப்பறம் நான் அக்கட்டால போனதே இல்லீங்க.” கட்டத்தில் ஒன்று என்று எழுதி, கையெழுத்துப் போட்டார்.

பதினான்கு பிரதிகள் மறுபடி டெல்லி போயின. அதன்பின் எட்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. நானும் மறந்து, ஆண்டு விழா அலங்காரம் ஒன்றும் முடிந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை முதல்வர் அம்மா என்னை வகுப்பிலிருந்து கூப்பிட்டனுப்பினார். மேசையில் பழுப்பு உறை. பிரித்திருந்தார். எங்களுக்கு நிதி ஒதுக்கப்பட்டிருந்தது. முதல்வர் அம்மா கண்டிப்பானவர், நாங்கள் அவர் சிரித்துப் பார்த்ததில்லை. அன்று எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மதியம் ஆசிரியர் அறைக்கு மைசூர்பா வந்தது. நோட்டீஸ் போர்டில் என் பெயரை எழுதி ஒட்டினார்கள். நான் அந்தப் போர்டுக்குச் செய்த துரோகத்தை நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டே கடந்து போனேன்.

மாலையில் கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலாளியைப் பார்க்கப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் எழுந்துவிட்டார்.

“நானே போன் பண்ணலாம்னு இருந்தனுங்க. வாங்க, உங்க ஆராய்ச்சிக்கு நம்மனால ஆன ஒரு உதவி பண்ணி வெச்சிருக்கறனுங்க. வந்து பாருங்க.”

செக்கிங் செக்‌ஷனுக்குப் பின்னால் கூட்டிப் போனார். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. வரிசையாக ஐந்து கழிப்பறைகள். இளநீல டைல்ஸ், ஒவ்வொன்றிலும் தாழ்ப்பாள், கொக்கி, எக்ஸாஸ்ட் பேன். நடுவில் கல்யாண மண்டபத்தில் இருப்பது போல ஆள் உயரக் கண்ணாடி. வெளியே ஆர்.ஓ. தண்ணீர், எவர்சில்வர் டம்ளர்கள். போன வாரம்தான் திறந்தார்களாம். அவர் மனைவி வந்து விளக்கேற்றித் திறந்து வைத்தாராம்.

“எப்படிங்க டீச்சர்?” முகமெல்லாம் மலர்ச்சி.

கையில் டெல்லிக் கடிதம். ஒரு கழிப்பறை உள்ள கம்பெனியில், தண்ணீர் குடிக்காத பெண்களைப் பற்றி ஆராய்வதற்குப் பணம் வந்திருக்கிறது. கம்பெனியில் இப்போது ஆறு கழிப்பறைகள்.

“ரொம்ப நல்லா இருக்குதுங்கண்ணா,” என்றேன். “ஆனா... ஆராய்ச்சி இனிமேதான் ஆரம்பிக்கோணுங்க. இதெல்லாம் இல்லாம எப்படி இருக்குதுன்னு மொதல்ல பாத்து எழுதோணுங்க. அதுக்கப்பறம்தான்...”

அவர் முகம் வாடியது. நிஜமாகவே வருந்தினார். தாடையைச் சொறிந்துகொண்டு நின்றவர், என் பக்கம் குனிந்து, ரகசியம் போலக் கேட்டார்.

“வேணும்னா ஒரு ஆறு மாசத்துக்குப் பூட்டி வெச்சறட்டுங்களா?”

“ஐயோ, வேண்டாங்கண்ணா!”

வீட்டுக்கு வந்து, மதில் ஓரம் உட்கார்ந்து அக்காவிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அக்கா சிரித்த சிரிப்பில் பிடித்திருந்த குடம் இடுப்பிலிருந்து நழுவியது.

“யம்மா! ஊரு உலகத்துல கஷ்டம் வந்துட்டேன்னு அழுவாவ. கஷ்டம் தீந்துட்டேன்னு அழுத ஆளு நீங்க ஒருத்தர்தாம் டீச்சர். பொறத்தால செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டும்போதே எங்க ஆளுவ சொன்னாளுவ, சீலுல இருந்தது பலிச்சிட்டுன்னு!”

“எனக்கு ஏனுங்க்கா முன்னாலயே சொல்லல?”

“நல்ல காரியம். டெல்லிப் பைசா வரும்போது மொத்தமா சொல்லலாம்னு இருந்தோம்.”

முதல்வர் அம்மா பயந்துவிட்டார். பணத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம், கல்லூரிக்குக் கெட்ட பெயர் வேண்டாம் என்றார். அதற்கு முன் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கிறேன் என்று கெஞ்சி, அவர் அறை தொலைபேசியிலேயே டெல்லிக்குப் போட்டேன். கடிதத்தில் கையெழுத்திட்டிருந்த அதிகாரி ஒரு பெண். பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். என் ஆங்கிலம் வகுப்பில் பாடம் நடத்தும்போது நன்றாக வரும், மன்னிப்புக் கேட்கும்போது வராது. திக்கித் திணறி, முதலாளி எண்ணப் போனது முதல் விளக்கேற்றித் திறந்தது வரை சொன்னேன். பூட்டி வைக்கட்டுமா என்று கேட்டதையும் எதற்கோ சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்த அம்மா ரிசீவரைத் தள்ளி வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

“சரி. இப்போது அந்தப் பெண்கள் தண்ணீர் குடிக்கிறார்களா?”

நான் அதை யோசிக்கவே இல்லை.

“தெரியவில்லை மேடம்.”

“தெரிந்துகொண்டு எழுதுங்கள். நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.”

போனை வைத்தேன். முதல்வர் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “திட்டினாங்களா?” என்றார். “இல்லீங்க மேடம், சிரிச்சாங்க,” என்றேன். அவர் அதை நம்புவதற்கு, எழுத்தில் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வரும்வரை அவர் வாசலிலேயே நின்றேன். வந்ததும் அவர் கூடையை வாங்கிப் பார்த்தேன். தண்ணீர் பாட்டில், காலையில் நிரப்பிய அளவிலேயே தளும்பிக்கொண்டிருந்தது.

“இப்பதான் நல்ல பாத்ரூம் இருக்குதில்லீங்க்கா?”

அக்காவே பாட்டிலை வாங்கி ஆச்சரியமாகப் பார்த்தார். “இருக்கு. நெனப்பு வரலியே டீச்சர். தாகமே எடுக்கலியே.”

அந்த வாரம் முழுக்க மற்ற பெண்களிடம் கேட்டோம். ஒவ்வொருத்தியிடமும் ஒரு பதில். வருடக்கணக்காகப் பழகிவிட்டது என்றாள் ஒருத்தி. பீஸ் ரேட்டுக்கு, அதாவது எண்ணிக்கைக்குக் கூலி வாங்கித் தைக்கிறவள், எழுந்தால் கை ஓட்டம் கெட்டுவிடும் என்றாள். டைல்ஸ் அழுக்காகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றாள் இன்னொருத்தி. ஒடிசாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த ஒரு பெண், அந்தக் கண்ணாடியைப் பார்த்து அது முதலாளி வீட்டுக்காரர்களுக்கான அறை என்று நினைத்து, இன்னமும் பழையதற்கே போய்க்கொண்டிருந்தாள். இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. ஆய்வை மாற்றிச் செய்யலாம். வசதி வந்த பிறகும் ஏன் குடிப்பதில்லை என்பதுதான் இனி தலைப்பு.

அதன்பின் வந்த ஒரு வருடம் போல நான் வேலையில் சிரித்த வருடம் வேறில்லை.

சிறுநீரின் நிறத்தைப் பார்த்து உடம்பில் தண்ணீர் போதுமா என்று சொல்கிற வண்ண அட்டை ஒன்று உண்டு. டெல்லியிலிருந்து ஒன்றே ஒன்று அனுப்பியிருந்தார்கள். பிரவுசிங் சென்டரில் அதைக் கலரில் இருபது பிரதி எடுத்து வந்து குழுவில் கொடுத்தேன். அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

“ஷேடு தப்பு டீச்சர். மெஷினுல மஞ்ச மை கூடுதல். இத வச்சிப் பாத்தா நோயாளி எல்லாம் சொகமாயிருவா.”

எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது. வெளிநாட்டு பையர் கேட்ட நிறத்துக்கும் சாயப்பட்டறையிலிருந்து வந்த நிறத்துக்கும் இம்மி வித்தியாசம் இருந்தாலும் பிரித்து வைக்கிற கண்கள். கம்பெனியில் கிடந்த துணி மாதிரிகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொட்டி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, மூல அட்டையின் ஒவ்வொரு நிறத்துக்கும் சரியான பனியன் துணியைத் தேடி வெட்டி ஒட்டினார்கள். தங்களுக்குள் சண்டை போட்டுப் பெயரும் வைத்தார்கள். வெளிறியது கஞ்சித்தண்ணி, அடுத்து எலுமிச்சை, அதற்கடுத்து மாம்பழம், கடைசியில் பால் கலக்காத வரக்காப்பி. துணியாலான அந்த அட்டையைக் கழிப்பறைச் சுவர்களில் மாட்டினோம். பக்கத்தில் ஒரு தாள், கயிற்றில் கட்டிய பென்சில். வருகிறவர்கள் பார்த்து, தங்கள் கம்பெனி டோக்கன் எண்ணுக்கு நேராகக் குறி போட வேண்டியது.

முதல் வாரம் எல்லாம் வரக்காப்பியாகவே விழுந்தது. அதைப் பார்த்து அவர்களே பயந்தார்கள். அது நல்லதாகப் போயிற்று. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், கம்பெனியில் அத்தனை மெஷின் சத்தத்துக்கு நடுவே ஒருத்தி கத்தியது எனக்குக் கேட்டது. “ஏட்டி, இன்னைக்கு எனக்கு எலுமிச்சை!” சூப்பர்வைசர் அவள் டிபன் பாக்ஸைப் பற்றிப் பேசுவதாக நினைத்து, “எனக்குக் கொஞ்சம் வெய்ம்மா,” என்றார். சிரிப்பில் அந்த மெஷின் லைன் பத்து நிமிடம் ஓடவில்லை.

ஆனாலும் குடிக்கிற நினைவை வரவைக்க வழி தெரியவில்லை. பெல் அடித்துப் பார்த்தோம், பலகையில் எழுதிப் பார்த்தோம். பெல் சத்தம் கேட்டால் மெஷின் ஓட்டுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். வழியைச் சொன்னது முதலாளிதான். அவர் இப்போது வாரம் ஒரு முறை குறி போட்ட தாள்களை வாங்கிப் பார்க்கிற அளவுக்கு ஆராய்ச்சியில் இறங்கிவிட்டிருந்தார்.

“ஏனுங்க டீச்சர், ஊட்டுக்கு ஒறம்பரை வந்தா என்னங்க பண்றோம்? தண்ணி வேணுங்களான்னா கேக்கறோம்? சொம்புல மொண்டு நீட்டறோம். நீட்டுனா யாராச்சும் வேண்டாம்பாங்களா?”

விருந்தாளிக்கு நீட்டுவது போல நீட்டிப் பார்த்தோம். பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் ஒருத்தி எழுந்து, குடமும் டம்ளருமாக லைன் முழுக்க நடப்பாள். பக்கத்தில் நின்று, முகத்தைப் பார்த்து, “தண்ணி குடிங்க” என்று நீட்டுவாள். ஒருத்தர்கூட மறுக்கவில்லை. குடிக்கிற அரை நிமிடத்தில் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டார்கள். ஒடிசாப் பெண்ணுக்கு வந்த முதல் தமிழ் வாக்கியம் ‘தண்ணி குடிங்க’தான். அவள் அதைக் காலை வணக்கம் போல வாசலில் வாட்ச்மேனிடமும் சொல்லிக்கொண்டு வருவாள்.

தாள்களில் மாம்பழம் வந்தது, எலுமிச்சை வந்தது. வருடம் முடிவதற்குள் பலருக்குக் கஞ்சித்தண்ணி வந்துவிட்டது. நீர்க்கடுப்பு என்று லீவு போடுகிறவர்கள் குறைந்துபோனதை மேனேஜரே கவனித்துச் சொன்னார். பக்கத்தில் இரண்டு கம்பெனிகளுக்கு அக்காவும் இன்னும் ஐந்து பேரும் துணி அட்டையோடு போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த நாட்களுக்கு அவர்களுக்குக் கள உதவியாளர் என்ற பெயரில் ஆராய்ச்சி நிதியிலிருந்து சம்பளம். அக்கா அந்த அடையாள அட்டையைச் சர்ச்சுக்கும் மாட்டிக்கொண்டு போனார்.

அறிக்கை எழுதும் நேரத்தில் டெல்லி அதிகாரி நேரில் வந்தார். கதர்ச் சேலை கட்டி, நரையோடு, மெலிந்த உருவம். கோவையில் விமானம் இறங்கி, காரில் வந்து, மதியம் முழுக்க லைனில் ஒவ்வொருவரிடமும் பேசினார், நான் மொழிபெயர்த்தேன். மூன்று மணி ஆயிற்று. அன்றைய முறை ஒடிசாப் பெண்ணுடையது. வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தவள், அதிகாரி முன்னாலும் நின்று டம்ளரை நீட்டினாள்.

“தண்ணி குடிங்க.”

அந்த அம்மா தயங்கினார். என் காதருகே வந்து, “வெளியூர் போனால் நான் தண்ணீர் குடிப்பதில்லை,” என்றார். “காலையிலிருந்து இன்னும் குடிக்கவில்லை.”

மொழிபெயர்க்கலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அக்காவுக்கு என் முகமே போதுமாயிருந்தது. “என்ன சொல்லுதாவ?” என்றார். சொன்னேன். லைன் முழுக்க மெஷின்கள் நின்றன. முதலில் ஒருத்தி சிரித்தாள், அப்புறம் எல்லோரும். அதிகாரியும் அவர்களோடு சிரித்தார். அக்கா எழுந்து வந்து, சொந்தத் தங்கையைப் போல அவர் கையைப் பிடித்தார். “வாங்கம்மா, மொதல்ல அங்கன போயிட்டு வருவோம்.” இருவரும் கைகோத்தபடி டைல்ஸ் அறைப் பக்கம் போனார்கள். திரும்பி வந்து அந்த அம்மா நின்றபடியே இரண்டு டம்ளர் குடித்தார்.

சாயங்காலம் அவரை ரயிலேற்றிவிட நானும் அக்காவும் போனோம். இன்னும் அரை மணி இருந்தது. தங்கை பிள்ளைகளுக்கு டி-சர்ட் வாங்க வேண்டும் என்றார். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே காதர்பேட்டை, பனியன் கடைகள்தான். நாலு எடுத்தார், பணம் கொடுக்கப் போனார். அக்கா குறுக்கே கையை நீட்டித் தடுத்து, நாலையும் உள்பக்கம் வெளியே திருப்பி, விளக்குக்கு நேரே பிடித்தார். கடைக்காரர் முகம் மாறியது.

“இது ஓட்டை. இது எண்ணெக்கறை. இதுல தோள்பட்டைத் தையலு ஓடிருக்கு. இந்தா, இது ஒண்ணு நல்ல பீசு,” என்று பிரித்துப் போட்டுவிட்டு, அக்கா கடைக்காரரிடம் திரும்பினார். “உள்ள இருந்து நல்லதா எடுங்க அண்ணாச்சி. டெல்லியில இருந்து வந்திருக்காவ.”

ரயில் வருகிற அறிவிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அக்காவின் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, அவர் விரல் போகிற இடத்தை எல்லாம் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.